பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனை நடக்கும், அவ்வளவு கூட்டம். பதினோரு வருடமாக அங்கேதான் போகிறேன். என் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது, பாஸ்டர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அடக்கத்துக்கும் உதவி ஊழியர்தான் வந்தார். மேடையில் ‘நான் உங்கள் மேய்ப்பன்’ என்று அவர் சொல்லும்போது மனசு வலிக்கிறது. மேய்ப்பு என்றால் என்னதான் ஐயா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் வலி நியாயமானது. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேலின் மேய்ப்பர்கள் எதையெல்லாம் செய்யாமல் விட்டார்கள் என்று கர்த்தர் ஒரு பட்டியலே வாசிக்கிறார்: பலவீனமானதைப் பலப்படுத்தவில்லை, நசல்கொண்டதை (நோயுற்றதை) குணமாக்கவில்லை, எலும்பு முறிந்ததற்குக் காயம் கட்டவில்லை, துரத்துண்டதைத் திரும்பக் கொண்டுவரவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை. ஐந்து வேலை. ஐந்தில் ஒன்றுகூட மைக் பிடித்துச் செய்கிற வேலை இல்லை. (பிரசங்கம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானே காலமெல்லாம் பிரசங்கம் பண்ணி ஓய்வு பெற்றவன்தான். மேய்ச்சல் வேண்டும், ஆனால் கால் ஒடிந்த ஆடு மேய்ச்சலுக்கு எப்படி நடந்து வரும்?)

யோவான் 10-இல் மேய்ப்பன் தன் ஆடுகளைப் ‘பேர்சொல்லிக் கூப்பிட்டு’ வெளியே நடத்துகிறான். லேவியராகமம் 27:32-இல் ‘கோலின்கீழ்ப்பட்ட’ ஆடுமாடுகள் என்று வருகிறதே, அது கோலை நீட்டி அதன் கீழே ஒவ்வொன்றாகப் போகவிட்டு எண்ணும் பழக்கம். லூக்கா 15-இல் நூறில் ஒன்று காணவில்லை என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணியிருக்கிறான், அவ்வளவுதான். தொண்ணூற்றொன்பது நிற்கிற இடத்தில் நின்று ‘மந்தை நிறைய இருக்கிறது, ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த உவமையே இல்லை.

கூட்டம் பெருத்துவிட்டது, பாஸ்டர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்று ஒரு போதகர் இருந்தார், வாழ்நாள் முழுக்க நோயாளி. 1656-இல் மேய்ப்பர்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவர் பொறுப்பில் 800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலையிலிருந்து கிட்டத்தட்ட இரவு வரை அவரும் அவருடைய உதவியாளரும் குடும்பம் குடும்பமாகப் பேசுவார்கள், வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பம், அப்படியே வருடத்தில் ஊர் முழுவதும் ஒரு சுற்று. ஒருவரால் முடியாது என்றால் அதற்கும் வழி யாத்திராகமம் 18-இல் இருக்கிறது. மோசேயின் மாமனார் எத்திரோ வந்து, நீர் ஒருவராய் இதைச் செய்ய முடியாது, தொய்ந்துபோவீர், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆள் வையும் என்கிறார். ஆகவே பெரிய சபை என்பது குற்றமில்லை. பத்துப் பேருக்கு ஒருவரைக்கூட வைக்காததுதான் குற்றம்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன் பண்ணி, ‘வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன், வராதது வருத்தமாக இருக்கிறது, வந்து ஜெபியுங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களை (சபைப் பெரியவர்களை) ‘வரவழைப்பானாக’ என்றுதான் யாக்கோபும் எழுதுகிறார், கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த உதவி ஊழியரைக் குறைவாக நினைக்காதீர்கள். என் அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் வாரம் தவறாமல் வந்தவர் எங்கள் போதகர் இல்லை, ரேஷன் கடையில் வேலை பார்த்த ஒரு மூப்பர். ஒரு சங்கீதம் வாசிப்பார், காபி குடிப்பார், போய்விடுவார். அம்மா அவரைத்தான் தேடுவார்.

கேள்வி: பாஸ்டர், ஆயர், போதகர், பேராயர், கண்காணி – எல்லாம் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பாஸ்டர் என்பது லத்தீனில் ஆடு மேய்ப்பவன். ஆயர் என்பதும் அதேதான், முல்லை நிலத்து மக்களின் பெயர். கத்தோலிக்கர் மறைமாவட்டத் தலைவரை ஆயர் என்கிறார்கள், அதற்கு மேல் பேராயர். தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டலத் தலைவரே பேராயர். திருநெல்வேலிப் பக்கம் போதகரை ‘ஐயர்’ என்பார்கள், அது தனிக் கதை. புதிய ஏற்பாட்டில் சபை ஊழியரை மேய்ப்பர் என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வது எபேசியர் 4:11-இல் மட்டும்தான், மற்ற இடங்களில் ‘மேய்ப்பது’ என்ற வினைதான் வருகிறது. கண்காணி என்றதும் தேயிலைத் தோட்டத்துக் கண்காணி ஞாபகத்துக்கு வந்தால் உங்கள் தப்பில்லை. பேதுரு சொல்வது ஆத்துமாக்களைக் கண் வைத்துக் காக்கிறவரை.

கேள்வி: ‘நான் உனக்கு ஆவிக்குரிய தகப்பன், என் கவரிங்கை (ஆவிக்குரிய பாதுகாப்பை) விட்டு வெளியே போனால் ஆசீர்வாதம் போய்விடும்’ என்கிறார் எங்கள் பாஸ்டர். வேலை மாற, வீடு விற்க, பெண் பார்க்க எல்லாவற்றுக்கும் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். கேள்வி கேட்டால், வழிதப்பும் குட்டியின் காலை மேய்ப்பன் ஒடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவான் என்று சொல்லிக் காட்டுகிறார். இது சரியா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சரியில்லை தம்பி. அந்தக் கால் ஒடிக்கிற கதை வேதத்தில் எங்குமே கிடையாது. மேலே சொன்ன எசேக்கியேலில் எலும்பு முறிந்ததற்குக் காயம் கட்டவில்லை என்றுதான் மேய்ப்பர்கள்மேல் கோபம், அதே வசனம் ‘பலாத்காரமும் கடூரமுமாய் அவைகளை ஆண்டீர்கள்’ என்று முடிகிறது.

இந்தக் கவரிங் விவகாரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தில் ஐந்து போதகர்கள் சேர்ந்தார்கள்: டெரக் பிரின்ஸ், பாப் மம்ஃபோர்ட், சார்ல்ஸ் சிம்ப்சன், டான் பாஷம், எர்ன் பாக்ஸ்டர். நோக்கம் கெட்டதில்லை, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் அலைகிற ஊழியர்களையும் விசுவாசிகளையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர நினைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேய்ப்பர், அவருக்கு மேல் இன்னொருவர் என்று ஏணி ஏணியாகப் போயிற்று. கொஞ்ச நாளில் பல இடங்களில் வேலைக்கும் கல்யாணத்துக்கும் மேய்ப்பரின் சம்மதம் என்றாகி, குடும்பங்கள் உடைந்து, 1975-இல் மற்ற ஊழியர்களோடு பெரிய சண்டையே வந்தது. பிரின்ஸ் 1980-களில் விலகிவிட்டார். மம்ஃபோர்ட் 1989-இல் தாங்கள் செய்தது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். போதித்தவர்களே கைவிட்ட சரக்கை நம் ஊரில் புதுசு போல விற்கிறார்கள்.

பேதுருவுக்கு ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’ என்றுதான் கட்டளை, ‘உன் ஆடுகளை’ என்று இல்லை. அவரே வயதான பிறகு மூப்பர்களுக்கு எழுதும்போது, இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாக இருங்கள் என்கிறார். ஆலோசனை கேளுங்கள், நல்லதுதான், நானும் பெரியவர்களிடம் கேட்டுத்தான் கல்யாணம் பண்ணினேன். ஆலோசனை சொல்கிறவர் உங்கள் முடிவை உங்களிடமே விட்டுவிடுவார். ‘மாட்டேன்’ என்று ஒரு தடவை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் சாபம் விட்டால், வேறு சபை பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கேள்வி: பாஸ்டரிடம் தனியாக அழுது சொன்ன விஷயம் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ‘ஒரு சகோதரி’ என்று வந்துவிட்டது. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.
– பெயர் வேண்டாம்

பதில்: நானும் இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். ஊழியத்தின் ஆரம்பத்தில், பெயர் சொல்லவில்லையே என்ற தைரியத்தில் ஒரு வீட்டு விஷயத்தைப் பிரசங்கத்தில் சொன்னேன், அந்தக் குடும்பம் அதோடு கோயிலுக்கு வரவே இல்லை. சின்ன ஊரில் பெயரை மறைத்து என்ன பிரயோஜனம்? கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதை ஒரு குரு நேரடியாக வெளியே சொன்னால் அந்தச் செயலாலேயே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். மற்ற சபைகளிலும் அந்தப் பயத்தில் பாதியாவது இருக்கலாம். நீங்கள் அவரிடம் போய், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, இது தப்பு என்று சொல்லுங்கள். இனி ரகசியத்தை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். விசுவாசம் இருந்தால் நிறுத்து என்கிறார் ஊழியக்காரர்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஆஸ்பத்திரியில் ஆத்தும பராமரிப்புக்குப் பயிற்சி கொடுக்கும் முறையை 1925-இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் தொடங்கிய ஆன்டன் பாய்சன் ஒரு போதகர், அதற்குச் சில வருடம் முன்பு அவரே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். ராத்திரி நேரத்தில் தாங்க முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள், அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: ஐயா, நான் ஒரு ஐயரம்மா, போதகரின் மனைவி. என் கணவர் எல்லார் வீட்டுக்கும் போகிறார், சாவு, ஆஸ்பத்திரி, சண்டை எல்லாம். ராத்திரி தூங்குவதில்லை. அவரை மேய்ப்பது யார்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முதல் கேள்வி கேட்ட திருச்சி அம்மாவும் இதைப் படிக்கட்டும். மிலேத்துவில் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது பவுல் ‘உங்களைக்குறித்தும், மந்தை முழுவதையுங்குறித்தும் எச்சரிக்கையாயிருங்கள்’ என்கிறார். ‘உங்களைக்குறித்து’ முதலில் வருகிறது. சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை இயேசு தனியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், சற்றே இளைப்பாறுங்கள் என்று.

உங்கள் கணவர் தனக்கென்று கேட்க மாட்டார், எனக்கு அந்த ரகம் தெரியும். சேகரக் கமிட்டியில் (அவர் பொறுப்பிலுள்ள சபைகளின் குழுவில்) நல்ல மனசுள்ள மூப்பர் ஒருவரிடம் நீங்களே பேசுங்கள். வாரம் ஒரு நாள் ஐயருக்கு விடுமுறை, அன்றைக்குச் சேகரத்துப் போன் இன்னார் கையில் இருக்கும் என்று மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்துச் சேகரத்தில் வயதான போதகர் யாராவது இருந்தால் மாதம் ஒரு தடவை அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள்.