காலை வரை பொறுக்கலாமா?

(பதில் தருபவர் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். அதில் பெரும்பகுதி இரவு வேலை: வீடுகளிலிருந்து வரும் போனை எடுத்து, டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வேலை.)

கேள்வி: சிஸ்டர், எங்கள் குடும்ப டாக்டர் அவசரத்துக்கு எந்த நேரமும் கூப்பிடலாம் என்று எண் கொடுத்திருக்கிறார். என் மூன்று வயது மகளுக்கு ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு 102 டிகிரி காய்ச்சல். கூப்பிட்டேன். மருந்தின் அளவைச் சொல்லிவிட்டு, "இதற்குக் காலையில் கூப்பிட்டிருக்கலாமே" என்றார். எனக்குக் கூசிப்போயிற்று. இரண்டு வாரம் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்கு என் மாமனாருக்கு மேல்வயிற்றில் அழுத்துவது போல வலி, சட்டை நனைய வியர்வை. எழுபது வயது, சர்க்கரை நோய் உண்டு. "வாயுதான், பாவம் டாக்டரை எழுப்பாதே" என்றார் அவரும். ஏழு மணி வரை பொறுத்தோம். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். எதற்குக் கூப்பிடுவது, எதற்குப் பொறுப்பது?

பதில்: மாமனார் பிழைத்துக்கொண்டார் என்ற வரிக்கு வரும்வரை எனக்கும் மூச்சு நின்றுதான் இருந்தது, அம்மா. நான்கு மணி நேரம். அடைபட்ட ரத்தக்குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை அந்த நேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் அந்த மூன்று மணிக்கு உங்கள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. இதைப் படிக்கும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "காலையில் கூப்பிட்டிருக்கலாமே" என்பதற்குப் பதிலாக, "இது காலை வரை பொறுக்கும், ஆனால் இன்னது தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்தக் குடும்பம் அடுத்த முறைக்கும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும்.

இரண்டு இரவிலும் உங்கள் மனதில் ஓடியது, டாக்டரைத் தொந்தரவு செய்கிறோமா என்பது. போன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து நான் பழகிக்கொண்ட கேள்வி வேறு: காலை வரை ஒன்றும் செய்யாமல் இருந்தால் எது கெட்டுப்போகும்? உங்கள் மகள் விஷயத்தில் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. மாமனார் விஷயத்தில் ஒவ்வொரு நிமிடமும் கெட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமனாருக்கு அன்று டாக்டரைக் கூப்பிட்டிருந்தால்கூட அது இரண்டாம் பட்சம்தான். நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குவது, வலி தாடைக்கும் கைக்கும் பரவுவது இவையெல்லாம் நேராக ஆம்புலன்ஸ். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் திடீர்க் களைப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ மட்டும் மாரடைப்பு வரலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறிகள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்றுதான் மருத்துவமனையில் முதலில் கேட்பார்கள், அந்த நேரத்தை எழுதி வையுங்கள். இங்கெல்லாம் டாக்டரின் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். வண்டியில் ஏறிய பிறகு அவருக்குச் சொன்னால் போதும்.

இனி காய்ச்சல். இரவில் எனக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் காய்ச்சல்தான். தாய்மார்கள் எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள்: நூற்றி இரண்டு, நூற்றி மூன்று. நான் எண்ணைக் குறித்துக்கொண்டு, "இப்போது என்ன செய்கிறாள்?" என்று கேட்பேன். "அழுகிறாள், தண்ணீர் கேட்டாள், மருந்து கொடுத்ததும் பொம்மையைத் தேடுகிறாள்" என்று பதில் வந்தால் என் தோள் தளர்ந்துவிடும். "சும்மா படுத்திருக்கிறாள், கூப்பிட்டால் திரும்பவில்லை" என்றால், எண் நூறாக இருந்தாலும் டாக்டரை எழுப்புவேன். மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியும் குழந்தை தெளியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கழுத்தை வளைக்க விடவில்லை, உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்து கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை என்றாலும் அப்படியே. அந்தப் புள்ளிகள் தெரிந்தால் போனைக்கூட விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவற்றைத் தொட்டாலே வேகமான மூச்சு என்று கணக்கு. விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

எண் மட்டுமே போதும் என்கிற இடமும் உண்டு. மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 டிகிரி (38 செல்சியஸ்) இருந்தால், சிரித்துக்கொண்டிருந்தாலும் அந்த நேரமே காட்ட வேண்டும். அந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவினாலும் முகத்தில் தெரியாது. புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் இதே எண், இதே அவசரம்.

இரவில் நமக்கு மட்டும் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது என்று சிலர் வெட்கப்படுகிறார்கள். அது வெறும் மனப்பிரமை இல்லை. உடம்பின் சூடு மாலையில் இயல்பாகவே ஏறும். ஆஸ்துமா நள்ளிரவுக்குப் பிறகுதான் மூர்க்கமாகும். நாய் குரைப்பது போன்ற இருமல் குழந்தைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பும். காதுவலி படுத்தால் கூடும். நீங்கள் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது.

கேள்வி: போனில் டாக்டர் கிடைத்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன சொல்ல வேண்டும்?

பதில்: ஒரே மூச்சில் நான்கு விஷயம்: யாருக்கு, எத்தனை வயது, என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து. "என் அம்மா, எழுபத்திரண்டு வயது, இரவு பத்து மணியிலிருந்து மூன்று முறை வாந்தி." தூக்கத்திலிருந்து எழுந்த டாக்டருக்கு இதுவே பாதி படம். பிறகு அவர் கேட்பார். கையில் மருந்து அட்டைகள் இருக்கட்டும், பெயர் படித்துச் சொல்ல. குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் கீழே விழுந்து தலை இடித்தால், அந்த மாத்திரையின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குழந்தையானால் எடை தேவை. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்றுதான் கணக்கிடுவார்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே செறிவு கிடையாது என்பதால் பாட்டிலில் எழுதியிருப்பதையும் படித்துக் காட்டுங்கள்.

பேசக்கூடிய நோயாளியானால் அவரிடமே போனைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறதா என்பதைக் காதாலேயே கண்டுபிடித்து, பேச்சை நிறுத்தி ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்ன இரவுகள் எனக்கு நிறைய. உங்கள் மனதில் உள்ள பயத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "என் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது" என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் அந்த அழைப்பிலேயே முக்கியமான தகவலாக இருந்திருக்கிறது. வைப்பதற்கு முன், "எது நடந்தால் மறுபடி கூப்பிடட்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு மெஷினில் இரவு ரத்த அழுத்தம் 170/100 காட்டினால் கூப்பிட வேண்டுமா?

பதில்: ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல், கைகால் தளர்ச்சி எதுவும் இல்லையென்றால் காலையில் பேசலாம். மறுபடியும் 180/120 தாண்டினால் அன்றிரவே கூப்பிடுங்கள். அதோடு மேலே சொன்ன எதுவும் சேர்ந்தால் நேராக மருத்துவமனை. நீங்களாக ஒரு மாத்திரை கூடுதலாகப் போடாதீர்கள். கர்ப்பிணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: 20 வாரத்துக்குப் பிறகு 140/90 என்றாலே அன்றிரவு கூப்பிட வேண்டும், 160/110 என்றால் உடனே கிளம்ப வேண்டும்.

கேள்வி: நாங்கள் யாரும் யோசிக்காத, ஆனால் காலை வரை தள்ளவே கூடாத ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: வளரும் பையனின் அடிவயிற்று வலி.

வேலையில் சேர்ந்து நான்காவது வருடம். இரவு பதினொன்றரைக்கு ஒரு தாய் கூப்பிட்டார். பதினான்கு வயதுப் பையன், தூக்கத்திலிருந்து எழுந்து அடிவயிறு வலிக்கிறது என்கிறான், ஒரு முறை வாந்தி. காய்ச்சல் உண்டா, பேதி உண்டா, வலி வலது பக்கம் நகர்ந்ததா என்று குடல்வாலை நினைத்துக் கேட்டேன். எதற்கும் இல்லை என்றார். காலையில் கொண்டுவாருங்கள் என்றேன். வலி விரையில் இருந்தது. அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, வயிறு என்று சொல்லியிருக்கிறான். விரை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதற்குப் பிறகு வாய்ப்பு வேகமாகக் குறையும். அவனை எட்டரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. டாக்டரும் திட்டவில்லை. நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பிறகு, வயிற்றுவலி என்று எந்தப் பையனுக்காக யார் கூப்பிட்டாலும், போனை அவனிடம் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போகச் சொல்வேன். "கீழே எங்கேயாவது வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா? உன் அம்மா பக்கத்தில் இல்லை, தாராளமாகச் சொல்லு தம்பி" என்பேன். கொஞ்ச நேரம் சத்தமே வராது. காத்திருப்பேன். சிலர், "ஆமாம் சிஸ்டர்" என்றிருக்கிறார்கள்.