மூட்டுவலியும் வைட்டமின் டி-யும்: முதியோர் நல மருத்துவர் பதில்கள்

கே: அம்மாவுக்கு 72 வயது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. அதை ஏற்றினால் முழங்கால் வலி போய்விடுமா டாக்டர்?

20-க்குக் கீழே (ஒரு மில்லி ரத்தத்துக்கு நானோகிராம் கணக்கில்) என்றால் குறைபாடுதான், மருந்து தேவை. ஆனால் வலி மூட்டுத் தேய்மானத்தால் வந்ததென்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவிலும் (2013) ஆஸ்திரேலியாவிலும் (2016) முழங்கால் தேய்மானக்காரர்களுக்கு 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வலி குறிப்பிடும்படியாகக் குறையவில்லை.

அம்மா தரையிலிருந்து எழும்போது பாருங்கள். கையூன்றித் தடுமாறுகிறாரா? படியேறத் தொடையில் வலு இல்லை என்கிறாரா? முன்கால் எலும்பை விரலால் அழுத்தினால் "ஆ" என்கிறாரா? அப்படியானால் எலும்பே மென்மையாகியிருக்கலாம், ஆஸ்டியோமலேசியா என்போம். வாத வலி என்று வருடக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு இதுதான் இருக்கும். இவர்களுக்கு வைட்டமின் டி நன்றாகவே கேட்கும். சில மாதங்களில் வலி குறைந்து, நடையும் தேறும்.

கே: வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் பவுடரை அப்பா 3 வாரமாகத் தினமும் குடித்துவிட்டார். தாகம், மலச்சிக்கல், ஒரே குழப்பமான பேச்சு.

உடனே நிறுத்துங்கள். கால்சியம் மாத்திரையும் வேண்டாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். 12 லட்சம் யூனிட்டுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது, அதனால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். பாக்கெட்டின்மேல் 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதித் தராத கடைக்காரரைத்தான் சொல்ல வேண்டும்.

கே: வருடத்துக்கு ஒரே டோஸாகப் போட்டுக்கொண்டால் தொல்லை இல்லையே?

ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது: கீழே விழுவதும் எலும்பு முறிவும் கூடியிருந்தன. வேண்டாம்.

கே: காலை ஆறு மணி வாக்கிங் போதாதா?

வாக்கிங் தசைக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் அந்நேர வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பலனில்லை. வயதான தோல் உற்பத்தி செய்வதும் குறைவு.

கே: எனக்கு 68. வலி எதுவும் இல்லை. டெஸ்ட் எடுக்கட்டுமா?

தேவையில்லை. அந்தக் காசுக்கு முட்டை, மத்தி மீன் வாங்குங்கள்.

கே: சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

பின். கொழுப்பில் கரைவது, மதியச் சாப்பாட்டோடு சேர்த்தால் நன்றாக உடம்பில் சேரும். வலிப்பு மாத்திரையோ காசநோய் மருந்தோ சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அளவு மாறும்.