வாட்ச் எண்ணாத உழைப்பு

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இட்லிக் கடை நடத்துகிறேன். வயது 52. அதிகாலை மூன்றரைக்கு எழுந்தால் பதினோரு மணி வரை உட்கார நேரமிருக்காது. பிரஷருக்கு அட்டெனோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். போன தீபாவளிக்குப் பிறகு சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. அதற்கும் மாத்திரை உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டு, தினமும் 10,000 ஸ்டெப் என்று அதில் இலக்கு வைத்துவிட்டாள். கணக்கு அவள் போனிலும் தெரிகிறது. வேலை முடித்து, சாயங்காலம் சில்வர் பீச் போய் நடந்தாலும் ஆறாயிரத்தைத் தாண்டுவதில்லை. "ஏம்மா, இன்னைக்கும் குறைவா?" என்று போன் வருகிறது. மீதியை ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் நடந்து முடிக்கிறேன். குதிகால் வலிக்கிறது. இதயத் துடிப்பும் நூறைத் தாண்டாததால் 'பயிற்சி போதாது' என்றே காட்டுகிறது. வாட்ச் தப்பா, நான் தப்பா?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த மொட்டை மாடி நடையை இன்றே நிறுத்துங்கள். பத்து மணிக்கு மேல் நடந்துவிட்டு மூன்றரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். எதைக் குறைக்க நடக்கிறீர்களோ அதையே அந்த நடை ஏற்றிவிடுகிறது. ஒன்பது மணிக்குள் படுத்துவிடுங்கள், ஸ்டெப் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

10,000 என்பது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைக் கருவியை விற்க வந்தது. அதற்கு வைத்த பெயரிலேயே இருந்த எண் அது. அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. 2023-ல் நம் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்ததும் ஜப்பானைப் பார்த்துத்தான். நல்ல முயற்சி. முடிந்தவர்கள் நடக்கட்டும். ஆனால் எல்லோருக்கும் அவ்வளவு தேவையில்லை. 2019-ல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்கள் சுமார் 16,700 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தினம் 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 வரை அந்தப் பலன் கூடிக்கொண்டே போனது. அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் உங்களைவிட வயதில் மூத்தவர்கள்தான். ஆனாலும் உங்கள் ஆறாயிரம் ஒன்றும் தோல்வி இல்லை என்பதற்கு இது போதும்.

அதுவும் அந்த ஆறாயிரம் சரியான கணக்கா? வாட்சுக்குள் இருக்கும் சென்சார் பார்ப்பது உங்கள் காலை இல்லை, மணிக்கட்டின் ஆட்டத்தை. கை வீசி நடந்தால் சரியாக எண்ணும். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டிலிருந்து கடைக்கு வந்தால் பாதியைக் கோட்டை விட்டுவிடும். மாவு டப்பாவை இடுப்பில் அணைத்துத் தூக்கி வருவதும் அப்படித்தான். ஏழு மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை பார்ப்பதை எண்ண அதில் வழியே இல்லை. இன்னொரு பக்கம், தோசை வார்க்கும்போது கை சுற்றுவதை நடை என்று சேர்த்துக்கொள்ளவும் செய்யும். வீட்டிலும் அடுப்படியிலும் உழைக்கிற பெண்களின் வேலை ஏற்கெனவே யார் கணக்கிலும் ஏறுவதில்லை. இப்போது கையில் கட்டிய கருவியும் 'பயிற்சி போதாது' என்று சொல்வதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அதை மனதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சில்வர் பீச்சில் மணலில் நடக்கிறீர்களா, ரோட்டிலா? மணலில் அதே வேகத்தில் நடக்க, கெட்டித் தரையில் ஆவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். ஸ்டெப் கணக்கில் அது தெரியவே தெரியாது. கலோரி கணக்கையும் பார்க்காதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை ஓரளவு சரியாகவே காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதில் நல்ல கருவியே 27 சதவீதம் தவறியது.

அடுத்து இதயத் துடிப்பு. இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. இந்தக் கருவிகள் பொதுவாக 220-லிருந்து வயதைக் கழித்து, உங்களுக்கு 168 என்று உச்சத்தை வைத்துக்கொள்கின்றன. அதில் இத்தனை சதவீதம் வந்தால்தான் பயிற்சி என்று கணக்கு. ஆனால் அட்டெனோலாலின் வேலையே துடிப்பைக் கட்டுப்படுத்துவதுதான். நீங்கள் மூச்சு வாங்க நடந்தாலும் நூறுக்குள்ளேயே நிற்கலாம். மாத்திரை சாப்பிடுவது வாட்சுக்குத் தெரியாது. துடிப்பு ஏற வேண்டும் என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இதற்குப் பேச்சுதான் நல்ல அளவுகோல். நடந்துகொண்டே கூட வருபவரிடம் பேச முடியணும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

இன்னொன்று. சர்க்கரை மாத்திரைகளில் சில, சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடும். அப்போது வரும் படபடப்பை அட்டெனோலால் மறைத்துவிடலாம். திடீரென்று வியர்த்துக் கொட்டினால், தலை சுற்றினால், உடனே உட்கார்ந்து சர்க்கரையையோ மிட்டாயையோ வாயில் போடுங்கள். நடக்கப் போகும்போது முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விரலில் குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே 2024-ல் எச்சரித்தது. மார்பு இறுகினாலோ, கை தாடை வரை வலி பரவினாலோ வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, அப்படியானால் கடை வேலையே போதுமா? போதாது. அதையும் சொல்லியாக வேண்டும். நின்று செய்யும் வேலை உடம்பை அலுக்க வைக்கும், ஆனால் பெரும்பாலும் மூச்சை ஏற்றாது. விறுவிறுவென்று நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினின் தயவு அதிகம் இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் டாக்டர் நடக்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம். ஒரே மூச்சில் நடக்கணும் என்றில்லை. குறைந்தது பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். கடை மூடிச் சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரைக்கு இந்தச் சின்ன நடை நன்றாக வேலை செய்யும். கடலூர் வெயிலில் வெளியே போக வேண்டாம், வீட்டுக்குள் நடந்தால் போதும். சாயங்காலம் பீச்சில் இருபது நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் இப்படிச் செய்தால் 150-ஐத் தாண்டிவிடுவீர்கள். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருங்கள், தொடைக்கு அது நல்லது.

வாட்சைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. மகள் ஆசையாகக் கட்டியது. கடை வேலையின்போது கழற்றி வைத்துவிட்டு, நடக்கும்போது மட்டும் கட்டுங்கள், நேரத்தை அளக்க. ஆப்பில் இலக்கை மாற்ற முடியும். நடைக்கு மட்டும் கட்டுவதால் 3,000 என்று வைக்கச் சொல்லுங்கள். நினைவூட்டல்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். மகளிடம், "நீ வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் தினமும் பார்க்காதே, ஞாயிற்றுக்கிழமை இந்த வாரம் எத்தனை நிமிடம் நடந்தேன் என்று கேள்" என்று சொல்லிப் பாருங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள அந்த எண்தான் கிடைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட்டை அவளுக்கு அனுப்புங்கள். உங்கள் சர்க்கரையைப் பற்றி ஸ்டெப் எண்ணைவிட அது எவ்வளவோ தெளிவாகச் சொல்லும்.

குதிகால் வலி குறையும் வரை மணலை விட்டுவிட்டு ரோட்டோரமாக, குஷன் உள்ள செருப்போ ஷூவோ போட்டு நடங்கள். சர்க்கரை இருப்பதால் வெறுங்காலோடு மணலில் இறங்கவே வேண்டாம், கிளிஞ்சல் கிழித்தால்கூடத் தெரியாமல் போகலாம். படுக்கும் முன் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.