மைதானத்துக்கு அடியில் ஒரு வளையம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் ‘செஸ்’ (CHESS) எக்ஸ்-கதிர் மையம் கம்பெனிகளின் உலோகத்தையும் சோதித்துக் கொடுக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வால்வு பாடி வார்க்கிறோம். உள்ளே புளோ ஹோல் (வாயு சிக்கிய ஓட்டை) இருக்கிறதா என்று பார்க்க வெளி லேபில் ரேடியோகிராஃபி எடுக்கிறோம், ஷாட்டுக்கு இவ்வளவு என்று காசு கட்டுகிறோம். அங்கே மட்டும் பெரிய கம்பெனிகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் அரசாங்கப் பணத்தில் எக்ஸ்-ரே எடுத்துக் கொடுக்குமா? இது வாத்தியார்கள் செய்கிற வேலையா? எங்களை மாதிரிச் சின்னக் கம்பெனிகள் போய்க் கதவைத் தட்ட இங்கே இடம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்ற விட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் எந்திரத்துக்கு சிங்க்ரோட்ரான் என்று பெயர். அமெரிக்க சிங்க்ரோட்ரான்களில் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. கண்டதை ஆய்விதழில் வெளியிடுவேன் என்று ஒப்புக்கொண்டால் பீம் டைம், அதாவது கதிரைப் பயன்படுத்தும் நேரம், இலவசம். ஆனால் விண்ணப்பம் போட வேண்டும், அதைத் துறைசார்ந்தவர்கள் படித்து மதிப்பிடுவார்கள், போட்டி கடுமை. கண்டதை வெளியே சொல்ல மாட்டேன், அது என் தொழில் ரகசியம் என்றால் முழுச் செலவையும் கட்ட வேண்டும். வந்தவர் கம்பெனிக்காரரா பேராசிரியரா என்பதைவிட முடிவு ஊருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் கணக்கு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

உங்கள் ரேடியோகிராஃபியும் அவர்கள் செய்வதும் ஒன்றல்ல. ஷாட்டில் உங்களுக்குத் தெரிவது ஓட்டை, விரிசல், அதாவது நடந்து முடிந்த சேதம். அங்கே பார்ப்பது அணு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை. உலோகத்துக்குள் அழுத்தம் தங்கியிருந்தால் அந்த இடைவெளி துளி மாறும், சிதறி வரும் கதிர்களின் வளையமும் அதற்கேற்ப நகரும். கல்லூரி ஆய்வகத்து எக்ஸ்-கதிர்க் குழாயிலும் இதைச் செய்யலாம், ஆனால் தாமிர இலக்கிலிருந்து வரும் அந்தக் கதிர் இரும்புக்குள் சில மைக்ரான்தான் போகும். மேல்தோலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். செஸ்ஸில் எலக்ட்ரான்களை 600 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சுற்ற விட்டு, காந்தத்தால் வளைக்கிறார்கள். வளையும்போது அவை உதறும் எக்ஸ்-கதிரில் எஃகை மில்லிமீட்டர் கணக்கில் துளைக்கக்கூடியதும் இருக்கிறது. துண்டை இழுவிசை எந்திரத்தில் மாட்டி, இழுத்துக்கொண்டே கதிரைப் பாய்ச்சினால் உள்ளே ஒவ்வொரு படிகத் துணுக்கும் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று தனித்தனியாகத் தெரியும். தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தில் எல்லாரும் ஒரே பலத்தோடா இழுக்கிறார்கள்? எந்தத் துணுக்கு அதிகமாகச் சுமக்கிறதோ, விரிசல் அங்கே தொடங்க வாய்ப்பு உண்டு. முப்பரிமாண அச்சில் (3D பிரின்டிங்) உருவாக்கிய உலோக பாகங்களை விமானத்தில் நம்பி மாட்டலாமா என்ற கேள்விக்கு இந்த மாதிரி அளவைதான் பதில் தரும்.

வாத்தியார் வேலையா என்று கேட்டீர்கள். வளையும் எலக்ட்ரான்கள் உதறும் இந்த ஒளி முதலில் கண்ணில் பட்டதே ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில்தான். 1947-இல் நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக்கின் எந்திரத்தில், எலக்ட்ரான் சுற்றும் குழாய் கண்ணாடியாக இருந்ததால் வெளியே தெரிந்தது. துகள் இயற்பியல்காரர்களுக்கு அது வெறும் ஆற்றல் நஷ்டம். அதே மாநிலத்தில் இருக்கும் கார்னெலிலும் வளையத்தை அவர்களுக்காகத்தான் தோண்டினார்கள். விளையாட்டு மைதானத்துக்கு அடியில், சுற்றளவு 768 மீட்டர். 1980 வாக்கில் எக்ஸ்-கதிர்க்காரர்கள் அதில் ஒட்டுக்குடித்தனம் வந்தார்கள். துகள் மோதல் தன்பாட்டுக்கு நடக்கும், வீணாகும் ஒளியை இவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒட்டுக்குடித்தனத்தில்தான் மைக்கேல் ராஸ்மனின் குழு ஜலதோஷ வைரஸின் அமைப்பைக் கண்டது (1985). பொட்டாசியம் அயனிகள் செல்லின் சவ்வைக் கடக்கும் வாய்க்கால் எப்படி இருக்கிறது என்று ரோடரிக் மெக்கின்னன் 1998-இல் காட்டியதும் இங்கே எடுத்த தரவை வைத்துத்தான். 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. 2008-இல் துகள் மோதல் நின்றது. வந்து ஒண்டியவருக்கே வீடு முழுக்கச் சொந்தமானது.

கம்பெனிக்கு இங்கே முக்கியமாகக் கிடைப்பது எந்திரம்கூட இல்லை என்பது என் எண்ணம். பீம்லைனில், அதாவது வளையத்திலிருந்து கதிர் வந்து சேரும் ஆய்வு இடத்தில், நிற்கும் விஞ்ஞானிதான் முக்கியம். கம்பெனி எஞ்சினியருக்குத் தன் உலோகம் தெரியும், கதிர் தெரியாது. எந்த ஆற்றலில் பாய்ச்ச வேண்டும், சேம்பிளை எவ்வளவு தடிமனில் வெட்ட வேண்டும், டெராபைட் கணக்கில் வரும் படங்களிலிருந்து அழுத்தத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதெல்லாம் வருஷக்கணக்கில் பழகியவருக்குத்தான் வரும். ராத்திரி ஷிஃப்டில் கூட நிற்கும் ஆராய்ச்சி மாணவரும் அப்படியே பழகுகிறார். நாளைக்கு அவரையே அந்தக் கம்பெனி வேலைக்கு எடுக்கும். பாடம் நடத்துவதற்கு இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை. கொடுக்கல் வாங்கல் மறுபக்கமும் உண்டு. சோல் குரூனர் செஸ்ஸின் இயக்குநராக இருந்தவர். எக்ஸ்-கதிருக்காக அவர் குழு வளர்த்த டிடெக்டர் தொழில்நுட்பம் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் பொருந்தியது, நுண்ணோக்கி செய்யும் நிறுவனம் அதை உரிமம் வாங்கிக்கொண்டது.

உங்கள் சந்தேகத்தை நான் வேறோர் இடத்தில் வைப்பேன். 2018-19-இல் வளையத்தைப் புதுப்பித்தபோது நியூயார்க் மாநிலம் 1.5 கோடி டாலர் கொடுத்தது. அதன்பிறகு நடத்தும் செலவைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள்: அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தேசிய சுகாதார நிறுவனங்கள், விமானப்படை ஆய்வகம். உலோக பீம்லைன்களில் விமானப்படையின் பங்கு பெரிது. பணம் கொடுப்பவர் முடிவைத் திருத்தச் சொல்வார் என்று நான் பயப்படவில்லை. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதை அவர் தீர்மானிப்பார். டர்பைன் தகட்டுக்கு நேரம் கிடைக்கும், பாசன பம்புக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். வெளியார் விண்ணப்பங்களை மதிப்பிட்டு ஒதுக்கும் பீம் டைமின் பங்கு குறையாமல் இருக்கும்வரை இதைச் சமாளிக்கலாம்.

இங்கே கதவு எங்கே என்று கேட்டீர்கள். இந்தூரில் மத்திய அரசின் ராஜா ராமண்ணா ஆய்வு மையத்தில் இண்டஸ்-2 என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது. 250 கோடி எலக்ட்ரான் வோல்ட், சுற்றளவு 172.5 மீட்டர். வெளி ஆய்வாளர்களிடமிருந்து விண்ணப்பம் வாங்குகிறார்கள், இமேஜிங் பீம்லைனும் உண்டு. கார்னெல் அளவுக்குத் தடித்த எஃகை அதில் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஊரிலேயே உலோகவியல் துறை உள்ள கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு பேராசிரியரைச் சேர்த்துக்கொண்டு அவர் பெயரில் விண்ணப்பம் போடுவது சுலபம். வால்வு பாடியை அப்படியே கட்டி அனுப்பி, ‘என்ன கோளாறு பாருங்கள்’ என்றால் நடக்காது. எந்த ஹீட்டில் (எந்த உருக்கில்) வார்த்தது, ஹீட் ட்ரீட்மென்ட் முன்னா பின்னா, விரிசல் எப்போதும் எந்த மூலையில் வருகிறது என்று எழுதி, அந்த மூலையிலிருந்து மெல்லிசாக வெட்டிய துண்டோடு போங்கள்.