தள்ளுபடி முடிந்ததும் வாடிக்கையாளர் குறைவது ஏன்?

வணக்கம். கடையிலுள்ள எல்லாப் பொருள்களுக்கும் ஒரு மாதம் 20% தள்ளுபடி கொடுத்தும் இலாபம் நிற்கவில்லை, அதை நிறுத்தியதும் வழக்கமாக வருபவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 100க்கு விற்கும் பொருளின் அடக்கவிலை 70 என்றால் உங்களுக்கு நிற்பது 30. அதையே 80க்கு விற்றால் நிற்பது 10 மட்டுமே. பழைய இலாபத்தை எட்டுவதற்கே மும்மடங்கு விற்றாக வேண்டும்.

பெரிய கடைகள் எல்லாவற்றிலும் விலையைக் குறைப்பதில்லை. வாடிக்கையாளர் அடிக்கடி வாங்குவதும் விலையை மனப்பாடமாக வைத்திருப்பதுமான சில பொருள்களை மட்டும் அடக்கவிலைக்கோ அதற்கும் கீழாகவோ விற்று, அவற்றைப் பெரும்பாலும் கடையின் உட்புறத்தில் அடுக்கிவைக்கிறார்கள். அவற்றை எடுக்கச் செல்பவர் வழியில் கூடைக்குள் போடும் மற்ற பொருள்கள்தான் அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. (மலிவானதை மட்டும் அள்ளிக்கொண்டு வெளியேறும் சாமர்த்தியசாலிகளும் உண்டு, ‘ஒருவருக்கு இரண்டு மட்டும்’ என்ற அட்டை அவர்களுக்காகத்தான் தொங்குகிறது.)

இப்போதைய மந்தத்துக்கு ஒரு காரணம், கெட்டுப்போகாத பொருள்களைப் பலரும் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது; அது தானாகச் சரியாகும். ஒரு மாதம் முழுக்கப் பார்த்த விலையே நியாயமான விலை என்று மனத்தில் பதிந்து, உங்கள் பழைய விலை இப்போது விலையேற்றமாகத் தெரிவதுதான் எளிதில் மாறாதது. இதற்காக விலையை ஏற்றிவிட்டுப் பிறகு குறைத்துக் காட்டும் தந்திரத்தில் இறங்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

அடுத்த முறை ஐந்தாறு பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பழைய விலையையும் முடியும் தேதியையும் அட்டையில் எழுதி, ஒரே வாரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களின் ரசீதுகளில் தள்ளுபடிப் பொருளோடு வேறு என்ன விற்றது என்று பாருங்கள். எதுவுமே விற்கவில்லையென்றால் பொருளை மாற்றுங்கள்.