ரத்தப் புற்றுநோய்க்கு அட்ரா மாத்திரை ஆரம்பித்ததும் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது: மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

அண்ணனுக்கு ஏபிஎல், அதாவது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்றும், அட்ரா தொடங்கிச் சில நாளில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்ததாகவும் கேட்டிருக்கிறீர்கள். அவர் வீட்டில் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், மிச்சத்தை வண்டியில் படித்துக்கொள்ளலாம்.

நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்கு இதே நோய் வந்தபோது கூடவே இருந்தவள்.

ஒத்துக்கொள்ளாததால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், மருந்து வேலை செய்வதாலேயே இது வரலாம். இந்த நோயில் 15, 17 ஆகிய இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன, அதனால் வெள்ளையணு பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகிறது. அட்ரா விட்டமின் ஏ குடும்பத்து மருந்து. கீமோ மாதிரி செல்லைக் கொல்லாமல், நின்றுபோன வளர்ச்சியைத் தொடர வைத்து முதிரச் செய்கிறது. அப்படிக் கூட்டமாக முதிரும் செல்கள் அழற்சிப் பொருட்களைக் கொட்டுவதில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நுரையீரலிலும் காலிலும் சேர்ந்துவிடும். டிஃபரென்சியேஷன் சின்ட்ரோம் என்பார்கள். இதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஆர்செனிக் டிரையாக்சைடு ஏற்றும்போதும் இது வரும்.

வார்டில் தினமும் காலையில் தம்பியை எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள், அவனுக்கு அது பெரிய எரிச்சல். ஆனால் சாப்பாடே இறங்காதவனுக்கு எடை ஏறியதைப் பார்த்துத்தான் நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார், விழுந்த குழி அப்படியே நின்றது. எக்ஸ்ரே வருவதற்குள்ளேயே அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள், வழக்கமான அளவு 10 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. நிமோனியாவாகவும் இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக்கும் கூடவே ஓடியது. உறுதியாகட்டும் என்று இதில் யாரும் காத்திருப்பதில்லை. லேசாக இருந்தால் அட்ராவைத் தொடர்வார்கள், கடுமையாக இருந்தால் நிறுத்திவைத்துத் தேறியதும் திரும்பக் கொடுப்பார்கள். அது அவர்கள் முடிவு, தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ரத்தக்கசிவுதான். ஈறில் கசிவு, காரணமில்லாத கன்றல், திடீர்த் தலைவலி, எதுவானாலும் உடனே சொல்லுங்கள், முதல் சில வாரங்களில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அதனால்தான். 1957-இல் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் இந்த நோயைத் தனி வகையாக எழுதியபோது, அவர் பார்த்த நோயாளிகள் சில வாரங்களில் ரத்தம் கசிந்தே இறந்தார்கள். 1980-களில் ஷாங்காயில் வாங் ஜென்யீயின் குழு அட்ராவைக் கொடுத்துப் பார்த்தது, ஆர்செனிக் சிகிச்சை இன்னொரு சீன நகரமான ஹார்பினிலிருந்து வந்தது. இன்று வெள்ளையணு எண்ணிக்கை 10,000-க்கு மேல் போகாதவர்களுக்குப் பெரும்பாலும் கீமோவே இல்லாமல் இந்த இரண்டு மருந்துகளே போதும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். விஷம் என்று தெரிந்த ஒன்றைத் தம்பியின் கைநரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆர்செனிக் ஓடும்போது அடிக்கடி ஈசிஜி எடுப்பார்கள், பொட்டாசியம், மெக்னீசியம் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். இதயத் துடிப்பு தடம் மாறாமல் இருக்கத்தான், பதற வேண்டாம். அட்ராவினால் சிலருக்கு, முக்கியமாகச் சின்ன வயதுக்காரர்களுக்கு, மண்டைக்குள் அழுத்தம் கூடித் தலைவலியும் பார்வை மங்கலும் வரும். சத்து மாத்திரை என்று யாராவது கொடுத்தால் அதில் விட்டமின் ஏ இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.