ஆறு பிளக்குக்கு இவ்வளவா?

கேள்வி: பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர் எஞ்சின், குன்னூரில் வைத்திருக்கிறேன். பெட்ஃபோர்டு, வெலிங்டன் என்று பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓட்டம். மாதம் ஒருமுறை கோவை. மழை நாட்களில் காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் குலுங்குகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்பார்க் பிளக் மாற்ற சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகைக்கு ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். உள்ளூர் மெக்கானிக்கோ, 'குளிர்ப் பிரதேசம், ஒரு நம்பர் சூடான பிளக்காகப் போடுங்க' என்கிறார். மலிவாகவும் சரியாகவும் பிளக் வாங்க என்ன வழி?

பதில்: 'மழை நாட்களில்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையைக் கவனிக்காமல் பிளக் வாங்கினால் காசு வீண். தேய்ந்த பிளக் வெயில் மழை பார்க்காது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் திணறும். ஈரத்தில் மட்டும் மிஸ் ஆகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போகிறது என்றால், முதல் சந்தேகம் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் மேல்தான். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். ஆறும் எஞ்சினின் இரு பக்கமும் கீழாக, எக்ஸாஸ்டின் சூட்டுக்கும் சாலைத் தண்ணீருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. வருடக்கணக்கில் சூடேறி ஆறி, மேல் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடும். குன்னூர் மூடுபனி அதற்குள் இறங்கினால், மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கத்து உலோகத்தில் பாய்ந்துவிடும்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஒரு சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். பி0301 முதல் பி0306 வரை ஏதாவது குறியீடு வந்தால், கடைசி எண் மிஸ் ஆகும் சிலிண்டரைச் சொல்லும். அந்தச் சிலிண்டரின் காயிலை வேறொன்றோடு இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். குறியீடு காயிலோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றவாளி காயில். அதே சிலிண்டரில் நின்றால் பிளக்கைப் பாருங்கள். விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் பிளக் விலையெல்லாம் சில்லறை.

இனி பிளக்குக்கு வருவோம். சர்வீஸ் சென்டரிடம் மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள். பிளக் எவ்வளவு, கூலி எவ்வளவு, கூடவே வேறென்ன மாற்றுகிறார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். கூலி அதிகம் என்பதில் நியாயம் உண்டு. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் புதைந்திருப்பதால் வண்டியைத் தூக்கி, பின் சக்கரங்களைக் கழற்றிப் பக்கவாட்டில் கைவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். ஆனால் பிளக் ஒன்றும் தங்கத்தில் செய்ததல்ல. இந்த எஞ்சினுக்குப் பரவலாகப் போடப்படுவது பாஷ் கம்பெனியின் எஃப்.ஜி.ஆர். 6 கே.க்யூ.இ. அதில் இரிடியமும் இல்லை, பிளாட்டினமும் இல்லை. கடைசி எழுத்தான 'இ' குறிப்பது நிக்கல்-யிட்ரியம் கலவையை. 'க்யூ' என்றால் நுனியைச் சுற்றி நான்கு கால்கள். கார் கம்பெனி பிளக் செய்வதில்லை. செய்பவரிடம் வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. அதே பிளக் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வந்தால் விலை இறங்கிவிடும். நீங்கள் தேட வேண்டியது அந்தப் பெட்டியைத்தான்.

எனவே கடையில் 'போர்ஷே பிளக் இருக்கா' என்று கேட்காதீர்கள். கேட்ட நொடியில் விலை ஏறும். இப்போது வண்டியில் இருக்கும் பிளக்கில் ஒன்றைக் கழற்றி, பீங்கானில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்து, மேனுவலோடு ஒப்பிட்டு, அந்த எண்ணை மட்டும் சொல்லிக் கேளுங்கள். முன்பு வைத்திருந்தவர் தவறான பிளக் போட்டிருக்கக்கூடும் என்பதால்தான் மேனுவல். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பெங்களூரு ஜே.சி. ரோடு கடைகளில் விசாரித்து கூரியரில் வரவழைக்கலாம். கோவையில் பாஷ் பாகங்கள் விற்கும் மொத்தக் கடைகளில் கையிருப்பு இல்லாவிட்டாலும் ஆர்டர் எடுப்பார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள். பழைய பிளக் மட்டும் வேண்டாம்.

வேறு கம்பெனி பிளக்குக்கு மாறுவதானால் நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: 14 மி.மீ. மரை, 19 மி.மீ. மரை நீளம், உள்ளே ரெசிஸ்டர் (மின்தடை), வெப்ப எண். மரை நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 26.5 மி.மீ. நீளமுள்ள பிளக்கும் அதே ஓட்டையில் அழகாகத் திருகிக்கொண்டு போகும். பிஸ்டனில் போய் முட்டும். வெப்ப எண் என்பது நுனி எவ்வளவு சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதைச் சொல்வது. அதில் இன்னொரு குழப்பம். பாஷில் எண் கூடக்கூட பிளக் சூடானது, என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் கூடக்கூடக் குளிர்ந்தது. பாஷ் 6-க்கு என்.ஜி.கே. 6 சமம் என்று யாராவது சொன்னால், கம்பெனியின் ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

மெக்கானிக் சொன்ன 'சூடான பிளக்' யோசனை கார்புரேட்டர் காலத்தின் மிச்சம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டி அந்த மெல்லிய காற்றிலும் அதே பெட்ரோலைக் கொட்டும், பிளக் கரி பிடிக்கும். உங்கள் வண்டியில் உள்ளே போகும் காற்றை சென்சார் அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் விடுகிறது. வெளியே குளிர் என்பதும் பிளக்கின் நுனிக்குத் தெரியாது. சூடான பிளக்கோடு ஒருநாள் மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளியில் நெடுஞ்சாலை வேகத்தில் போனால் நுனி அளவுக்கு மீறிச் சூடேறி, தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ஓட்டையாவது அப்படித்தான். கம்பெனி சொன்ன எண்ணிலேயே இருங்கள்.

உங்கள் ஊர் ஓட்டத்தில் உண்மையான சிக்கல் வேறு. பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் இரண்டு கிலோமீட்டரில் அது நடக்காது. வாரம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கோத்தகிரிப் பக்கமாக அரைமணி நேரம் ஏற்றத்தில் ஓட்டுங்கள், செலவில்லாத வைத்தியம்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் 'இரிடியம்' பிளக்குகளில் போலி தாராளம். மல்டிமீட்டரைப் பிளக்கின் தலைக்கும் நடு நுனிக்கும் வைத்துப் பாருங்கள்: ரெசிஸ்டர் உள்ள பிளக் சில ஆயிரம் ஓம், பெரும்பாலும் 5,000-ஐ ஒட்டிக் காட்டும். பூஜ்யம் காட்டினால் திருப்பி அனுப்புங்கள். பீங்கான் எழுத்து கசங்கியிருப்பது, நடு நுனி கோணியிருப்பது, வாஷர் கையோடு கழன்று வருவது எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

உள்ளூரில் மாற்றுவதானால், நம்பும் மெக்கானிக்கிடம் 16 மி.மீ. பிளக் சாக்கெட்டும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கே வேண்டாம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்து வரும். காயில் ஒவ்வொன்றையும் பிடித்திருப்பவை 5 மி.மீ. ஆலன் போல்ட்டுகள். காயிலை எடுத்ததும் குழிக்குள் ஏர் அடித்துத் தூசியை ஊதிவிட்டுத்தான் பிளக்கைத் திருக வேண்டும். புதியதை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றி, பிறகு 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. தடுத்துவிடுங்கள், வழுக்கலால் அதே ரெஞ்ச் அளவுக்கு இறுக்கம் கூடிப்போகும். நான்கு கால் பிளக்கில் நடு நுனிக்கும் கால்களுக்கும் உள்ள இடைவெளி (கேப்) 1.6 மி.மீ., கம்பெனியிலேயே வைத்தது. வளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். பீங்கானின் உள்விரிசல் வெளியே தெரியாது.

கழற்றிய ஆறையும் முட்டை அட்டையில் வரிசையாகக் குத்தி, எந்தச் சிலிண்டர் என்று எழுதி வையுங்கள். இளம் பழுப்பு நல்லது. எல்லாமே உலர்ந்த கரியாக இருந்தால் குறுகிய ஓட்டம். எண்ணெய் பிளக்கின் மேல்பக்கம், குழிக்குள் தேங்கியிருந்தால் பிளக் குழாயின் ஓ-ரிங் போயிருக்கிறது. ரப்பர் வளையம் மலிவு, அதே கூலியில் மாற்றிவிடலாம். எண்ணெய் நுனியிலேயே இருந்து, ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகையும் கக்கினால், எஞ்சின் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டரைச் சோதிக்காமல் புதுப் பிளக்கைப் போட்டு மூடிவிடாதீர்கள்.